குடித்துவிட்டு வண்டி ஓட்டினால்... சட்டம் சொல்வது என்ன? வழக்கறிஞரை எங்கே தேடுவது?

“மதுவைத் தொடுவதே ஹராம் என்று வாழும் குடும்பங்களுக்கு வரும் இதழில் இந்தத் தலைப்பு எதற்கு?” என்று வாசகப் பெருமக்களில் சிலர் புருவம் உயர்த்தக் கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் சாலையில் எதிரே வருகின்றவர் என்ன அருந்தியிருக்கிறார் என்பது நம் கையில் இல்லை. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நம் மக்கள் நெருங்கி வாழும் ஊர்களை ஊடறுத்துக் கொண்டு போகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. திருச்சியிலிருந்து கீரனூர், புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்கு ஒரு தேசிய நெடுஞ்சாலை. தஞ்சையிலிருந்து மானாமதுரைக்கு மற்றொன்று. ஃபஜ்ருத் தொழுகைக்குச் சைக்கிளில் போகும் பெரியவரும், காட்டுபாவா பள்ளிவாசலுக்கு வேன் பிடித்துப் போகும் குடும்பமும் இந்தச் சாலைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை மூடி மறைப்பதில் பயன் இல்லை. நம் பிள்ளைகளிலும் சிலர் வழுக்கி விழுகிறார்கள். விடுமுறையில் ஊர் வந்த சபுராளி மகன், நண்பர்களோடு ஒரு கல்யாண இரவில் கிளம்பிப் போனவன், காவல் நிலையத்தில் இருப்பதாக நள்ளிரவில் தொலைபேசி வருகிறது. அந்த நேரத்தில் அந்த வீட்டில் நடப்பது என்ன? உம்மா அழுகிறார். வாப்பா, “வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும்” என்று நினைக்கிறார். ஜமாஅத்தில் சட்டம் தெரிந்தவர் இருந்தும் அவரிடம் போகாமல், “நான் பார்த்துக் கொள்கிறேன், பணத்தை மட்டும் கொடுங்கள்” என்று சொல்லும் ஏதோ ஒரு தரகரின் கையில் போய் விழுகிறார்கள். சட்டம் விதிக்கும் அபராதத்தை விட இந்த மானத்தின் விலைதான் பெரும்பாலும் அதிகமாக இருக்கிறது.

ஆகவே சட்டத்தை உள்ளது உள்ளபடி தெரிந்து கொள்வோம்.

முப்பது மில்லி கிராம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டினது. அதன் 185ஆவது பிரிவுதான் நம் பேசுபொருள். நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயச் சத்து இருக்கும் நிலையில் ஒருவர் மோட்டார் வாகனத்தை ஓட்டினாலோ, ஓட்ட முயன்றாலோ அது குற்றம். வண்டியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாத அளவுக்குப் போதைப் பொருளின் பிடியில் இருப்பதும் இதே பிரிவில் குற்றமே. “கொஞ்சம்தான் குடித்தேன், நிதானமாகத்தான் ஓட்டினேன்” என்பது இங்கே எடுபடாது. நிதானத்தைச் சட்டம் அளப்பதில்லை, இரத்தத்தை அளக்கிறது. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் இந்த அளவு 80 மில்லி கிராம். மலேசியா 2020 அக்டோபரில் 80லிருந்து 50ஆகக் குறைத்ததோடு, போதையில் ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்துகின்றவருக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிக அளவாக 15 ஆண்டு சிறை என்றும் சட்டம் இயற்றியது. கோலாலம்பூரில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அளவை மட்டும் பார்த்தால் நம் நாட்டுச் சட்டம் அவற்றை விடவும் கண்டிப்பானது.

முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இந்த அபராதம் முறையே 2,000, 3,000 ரூபாய்தான். பழைய கணக்கை நினைத்துக் கொண்டு, “இரண்டாயிரம் கட்டினால் முடிந்தது” என்று ஆறுதல் சொல்கின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பலர் கவனிக்காமல் விடும் தண்டனை ஒன்று இதே சட்டத்தின் 20ஆவது பிரிவில் இருக்கிறது. 185ஆவது பிரிவின்படி ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பானால், குறைந்தது ஆறு மாத காலத்துக்கு அவர் வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் உத்தரவிட்டாக வேண்டும். 2017இல் சென்னை அடையாறில் மதுபோதையில் காரை ஓட்டி மோதிய ஒரு திரைப்பட நடிகர், சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டபோது அவர் கட்டிய அபராதம் 5,200 ரூபாய்தான்; ஓட்டுநர் உரிமமோ ஆறு மாதத்துக்குப் போயிற்று. நடிகருக்கு அது ஒரு சங்கடம். வாடகைக் கார் ஓட்டியோ, மீன் வண்டி ஓட்டியோ பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு அது ஆறு மாதச் சோறு. பத்தாயிரத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். ஆறு மாத வருமானத்தை எங்கே கடன் கேட்பது?

வண்டியில் உடன் இருப்பவர்களும் தப்புவதில்லை. இக்குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆவது பிரிவு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, குடித்து ஓட்டுகின்றவரின் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் மீதும் வழக்குப் பாயும் என்று அறிவித்தது. தங்கள் மகன் குடிக்காதவனாக இருக்கலாம். குடித்த நண்பனின் பின்னால் ஏறி உட்கார்ந்து வருகின்றவனா என்பதையும் கேட்டு வையுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கு 199ஏ பிரிவு காத்திருக்கிறது: அந்தப் பிள்ளை வண்டியால் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ, வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

உயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டால் வழக்கின் நிறமே மாறிவிடும். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. குடித்துவிட்டு ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினார் என்று நீதிமன்றம் கருதினால், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்னும் பெருங்குற்றமாகவும் அது ஆகலாம். மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில் நடைபாதையில் உறங்கிய கூலித் தொழிலாளர்கள் ஏழு பேர் மீது கார் ஏறிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் இவ்வாறே முடிவு செய்து மூன்று ஆண்டுத் தண்டனையை உறுதிப்படுத்தியது.

ஊதச் சொன்னால்...

இனி, குடிக்காத நம்மவர் கவனிக்க வேண்டிய பகுதி. சீருடையில் உள்ள காவலர், சந்தேகம் இருந்தால் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதச் சொல்லலாம். 203ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. “நான் தொழுகையாளி, நான் ஏன் ஊத வேண்டும்?” என்று வாதம் செய்ய வேண்டாம். தக்க காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பையே தங்களுக்கு எதிரான சான்றுகளில் ஒன்றாக நீதிமன்றம் எடுத்துக் கொள்ள 205ஆவது பிரிவு இடம் தருகிறது. ஊதிவிடுவதே மேல்.

ஆனால் ஒரு நுட்பம். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அரிஷ்டம், ஆஸவம் ஆகியவற்றில் இயல்பாகவே சாராயச் சத்து ஊறியிருக்கும். சில இருமல் மருந்துகளிலும், வாய் கொப்பளிக்கும் நீர்மங்களிலும் அது உண்டு. இவற்றை வாயில் விட்ட சில நிமிடங்களுக்குள் ஊதினால், இரத்தத்தில் இல்லாததை வாயில் இருப்பது காட்டிக் கொடுக்கும். அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். மருந்து அருந்தியதைச் சொல்லி, வாயைத் தண்ணீரால் நன்கு கொப்பளித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கைது செய்யப்பட்டவரின் இரத்த மாதிரியைப் பதிவு பெற்ற மருத்துவரைக் கொண்டு எடுப்பதற்கு 204ஆவது பிரிவு வழி செய்கிறது. இரத்தம் பொய் சொல்லாது. மருந்துச் சீட்டு சட்டைப் பையில் இருந்தால் இன்னும் நல்லது.

202ஆவது பிரிவில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. குடித்து ஓட்டியதாகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தியாக வேண்டும்; தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எத்தனை மணிக்கு மருத்துவர் பார்த்தார் என்ற இரண்டு நேரங்களையும் குறித்து வையுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்கப் போவது இதைத்தான்.

வாடை வீசியது, கண் சிவந்திருந்தது, நடை தள்ளாடியது என்பவை மட்டும் போதுமா? போதாது என்று 1971இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பச்சுபாய் ஹஸன் அலி கார்யானி என்பவர் மும்பையிலிருந்து கொண்டு சென்ற வழக்கு அது. இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படாத நிலையில், வாடையையும் நடையையும் வைத்துக் கொண்டு மருத்துவர் சொன்ன முடிவை ஏற்க இயலாது என்று நீதிபதிகள் கூறினார்கள். அதே சமயம், இது குற்ற வழக்குக்குத்தான் பொருந்தும். காப்பீட்டுத் தகராறு வேறு கதை. டெல்லியில் 2007 டிசம்பரில் விபத்துக்குள்ளான ஒரு விலையுயர்ந்த காருக்கு இழப்பீடு கேட்ட நிறுவனத்தின் வழக்கில், பரிசோதனை நடக்காவிட்டாலும் சூழ்நிலைகளைக் கொண்டு ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று முடிவு செய்யலாம், காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, சிறையிலிருந்து தப்பியவர் கூடத் தன் வண்டிக்கான இழப்பீட்டை இழக்க நேரலாம்.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால்

உயிர்ச்சேதமோ, காயமோ இல்லாத வெறும் 185ஆவது பிரிவு வழக்கு, ஜாமீனில் விடத்தக்க வழக்கு. ஜாமீன் என்பது காவலர் காட்டும் சலுகை அல்ல. சட்டம் தரும் உரிமை. தக்க ஜாமீன்தாரரோடு சென்றால் நிலையத்திலேயே அழைத்து வந்துவிடலாம். “மேலிடத்தில் பேசி எடுத்துத் தருகிறேன்” என்று யாராவது விலை சொன்னால், அவர் தங்கள் உரிமையைத் தங்களுக்கே விற்கிறார் என்று பொருள்.

இந்த அபராதத்தைச் சாலையில் வைத்து முடித்துக் கொள்ளவும் இயலாது. தலைக்கவசம் அணியாதது போன்ற குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே சமாதானத் தொகை கட்ட 200ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அந்தப் பட்டியலில் 185 இல்லை. வழக்கு குற்றவியல் நடுவர் முன்புதான் முடிய வேண்டும்.

கைதானவருக்கு, எதற்காகக் கைது என்று தெரிந்து கொள்ளவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து கொள்ளவும் அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. கைதுச் செய்தியைக் குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டியது காவலரின் கடமை. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி, இன்று சட்டமாகவே ஆகியிருக்கிறது. வாங்கி வைக்க வேண்டியவை: மூச்சுக் கருவி அச்சிட்டுத் தந்த சீட்டு, மருத்துவப் பரிசோதனைச் சான்றின் நகல், உரிமத்தைப் பறிமுதல் செய்ததற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலையும் கேட்டுப் பெறுங்கள். வண்டி நிலையத்தில் நின்றால் அது துருப்பிடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நிலைய வளாகங்களில் வண்டிகளை நெடுநாள் போட்டு வைக்கக் கூடாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இடைக்காலமாக விடுவிக்கக் கோரி நடுவரிடம் மனுச் செய்யலாம்.

ஆள் மாறாட்டம் வேண்டவே வேண்டாம்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகன் மோதிவிட்டான்; மகனுக்கு வெளிநாட்டு வேலை இருக்கிறது; ஆகவே வீட்டு டிரைவர் தான் ஓட்டியதாகச் சொல்லட்டும் என்று யோசனை கூறுகின்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நன்மை செய்வதாகவே அவர்கள் எண்ணுகிறார்கள்.

2024 மே 19ஆம் நாள் அதிகாலை புனே நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்பட்ட கார், இரு சக்கர வாகனத்தில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. பின்பு நடந்தவை நாடே அறிந்தவை. பழியை ஏற்றுக் கொள்ளுமாறு டிரைவரைக் கட்டாயப்படுத்தியதாகச் சிறுவனின் தந்தையும் பாட்டனாரும் கைது செய்யப்பட்டனர். இரத்த மாதிரியை மாற்றியதாகத் தாயும் கைதானார். மருத்துவமனையின் மருத்துவர்களும் கைதாயினர். ஒரு சிறுவன் மீதான வழக்கு, குடும்பம் முழுவதன் மீதான வழக்காக விரிந்தது. குற்றத்தை மறைக்கப் பொய்த் தகவல் தருவதும், சான்றை அழிப்பதும் தனிக் குற்றங்கள் என்பதை அந்தப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல அன்று அருகில் யாரும் இல்லை போலும்.

வழக்கறிஞர்களும் விதிவிலக்கல்லர். 1999 ஜனவரியில் டெல்லியில் மூன்று காவலர்கள் உட்பட ஆறு பேரைக் கொன்ற கார் விபத்து வழக்கில், சாட்சியை மாற்றிச் சொல்ல வைக்க எதிரித் தரப்பின் மூத்த வழக்கறிஞரும் அரசு வழக்கறிஞரும் கைகோத்ததை 2007இல் ஒரு தொலைக்காட்சி படம் பிடித்துக் காட்டியது. இருவரையும் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று கண்ட டெல்லி உயர் நீதிமன்றம், நான்கு மாதம் தன் முன் வழக்காடத் தடை விதித்தது. காரை ஓட்டிய இளைஞருக்கும் அந்தச் சாமர்த்தியம் கை கொடுக்கவில்லை. 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவரைப் பெருங்குற்றப் பிரிவிலேயே குற்றவாளி என்றது. சிறையில் கழித்த இரண்டு ஆண்டு போதும் என்று விட்டாலும், 50 லட்ச ரூபாய் கட்டவும், இரண்டு ஆண்டு சமூகப் பணி செய்யவும் உத்தரவிட்டது.

நல்ல வழக்கறிஞரைக் கண்டறிவது எப்படி?

மருத்துவமனைக்கும் ஜவுளிக் கடைக்கும் விளம்பரப் பலகை இருக்கிறது. வழக்கறிஞருக்கு இல்லை. விளம்பரம் செய்து வழக்குத் தேடுவதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடுக்கின்றன. கட்டணம் கட்டியோரின் பெயர்களை இணையத்தில் வரிசைப்படுத்தி, “சிறந்த வழக்கறிஞர்” என்று காட்டும் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு ஆணையிட்டது. ஆகவே கைப்பேசியில் முதலில் வரும் பெயரை நம்பிப் போக வேண்டாம்.

புதுக்கோட்டை, சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே தனக்கென நீதிமன்றங்களை வைத்துக் கொண்டிருந்த ஊர். 1948இல் இந்தியாவுடன் இணைந்து, 1974 ஜனவரியில் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரில் மட்டுமன்றி அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர், திருமயம் ஆகிய ஊர்களிலும் நீதிமன்றங்கள் உள்ளன. மேல் முறையீட்டுக்கு 2004 முதல் மதுரையிலேயே உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. எந்தக் காவல் நிலைய எல்லையில் சம்பவம் நடந்ததோ, அதற்குரிய நடுவர் நீதிமன்றம் எது என்று முதலில் கேட்டறியுங்கள். பிறகு அந்த நீதிமன்றத்தில் அன்றாடம் வழக்காடும் வழக்கறிஞரைத் தேடுங்கள். சிறு வழக்குக்காக மாநகரத்திலிருந்து பெரிய பெயரை வரவழைத்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பயணச் செலவு வேறு. ஒரு காலைப் பொழுது நீதிமன்றத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். யார் நேரத்துக்கு வருகிறார், யார் கட்டோடு தயாராக நிற்கிறார் என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். இதை விடச் சிறந்த விசாரணை வேறில்லை என்பது என் கருத்து.

அலுவலகத்துக்குப் போனால் கூச்சமின்றிக் கேளுங்கள்: பார் கவுன்சில் பதிவு எண் என்ன? தாங்களே ஆஜராவீர்களா, ஜூனியரை அனுப்புவீர்களா? மொத்தக் கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா? வக்காலத்தில் கையெழுத்திடும் முன் அதில் நிரப்பப்பட்டிருப்பதைப் படியுங்கள்; வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் கையெழுத்து இட வேண்டாம். “ஜெயித்தால் இவ்வளவு” என்று பேரம் பேசுவது வழக்கறிஞர் விதிகளுக்கே முரணானது. “கட்டாயம் விடுதலை” என்று உறுதி தருகின்றவரை விட, “சீட்டில் அளவு தெளிவாக இருக்கிறது, ஒப்புக் கொள்வதே நல்லது” என்று முகத்துக்கு நேரே சொல்கின்றவர் மேலானவர். உண்மையிலேயே குடித்து ஓட்டியவர், முதல் குற்றம், யாருக்கும் காயமில்லை என்றால், ஒப்புக் கொண்டு அபராதம் கட்டி, ஆறு மாதம் பேருந்தில் போவதே நேரிய வழி. குடிக்காதவரோ, சிறு தொல்லைதானே என்று எண்ணி ஒப்புக் கொள்ளவே கூடாது. அந்தத் தீர்ப்பு பெயரோடு ஒட்டிக் கொள்ளும். மறுமுறை ஏதேனும் நேர்ந்தால் இரண்டாம் குற்றமாகக் கணக்கில் ஏறும்.

வெளிநாட்டில் பிழைக்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்கள் இதையும் கவனிக்க. குற்ற வழக்கு ஒன்று நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் தர மறுக்க, 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் அது மற்றொரு குற்றம். வழி இல்லாமல் இல்லை: வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே அனுமதி பெற்று வந்தால் பாஸ்போர்ட் வழங்கலாம் என்று 1993ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று கூறுகிறது. விடுமுறை முடிய இருபது நாள் இருக்கும்போது வழக்கைக் கிடப்பில் போட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள், புதுப்பிக்கும் காலம் வரும்போது தூதரக வாசலில் நிற்க நேரும். போகும் முன்பே வழக்கை முடித்து, தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கையில் காசில்லை என்றால்

சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் மூன்று லட்ச ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும். புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்டங்களில் வட்டச் சட்டப்பணிகள் குழுக்களும் செயல்படுகின்றன. வெள்ளைத் தாளில் விவரம் எழுதிக் கொடுத்தாலே போதும். எழுதத் தெரியாதவருக்கு அங்குள்ளவர்களே எழுதி உதவுவார்கள். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். “இலவச வக்கீல் ஏனோதானோ என்றுதான் பார்ப்பார்” என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. எல்லா வழக்கறிஞர்களையும் போல அவர்களிலும் அக்கறையுள்ளவர் உண்டு, இல்லாதவரும் உண்டு. திருப்தி இல்லையெனில் மாற்றித் தருமாறு ஆணைக்குழுவிடமே எழுதிக் கேட்கலாம்.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும், தன் எல்லைக்குட்பட்ட காவல் நிலையம், அதற்குரிய நீதிமன்றம், வட்டச் சட்டப்பணிகள் குழுவின் அலுவலகம் ஆகியவற்றின் எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தால் என்ன? ஜனாஸா அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் போதும்.

அடிபட்டவர் நம்மவராக இருந்தால்

கடைசியாக, பெண் வாசகர்களுக்கென்றே இந்தப் பகுதி. குடும்பத் தலைவரை இழந்த பின் கோப்பைத் தூக்கிக் கொண்டு அலைகின்றவர்கள் பெரும்பாலும் அவர்களே. மோதியவர் மீதான குற்ற வழக்கைக் காவல் துறை நடத்தும். இழப்பீடு அதனோடு தானாக வருவதில்லை. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுச் செய்ய வேண்டும். இத்தா இருக்கும் விதவை நேரில் அலையத் தேவையில்லை. வக்காலத்தில் கையெழுத்துப் பெற்று வழக்கறிஞர் தாக்கல் செய்யலாம். ஆனால் நாள் கணக்கை விட்டுவிடக் கூடாது: திருத்தப்பட்ட சட்டப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். நாற்பது முடியட்டும், வருஷம் திரும்பட்டும் என்று தள்ளிப் போட்டுக் கொண்டே இருக்காதீர்கள்.

“ஓட்டியவர் குடித்திருந்தார், ஆகவே நாங்கள் பொறுப்பல்ல” என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடக் கூடும். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு முதலில் தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக் கொள்ளுமாறு நிறுவனத்துக்கு உத்தரவிடும் வழக்கம் நீதிமன்றங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. மோதியது எந்த வண்டி என்றே தெரியாமல் போனால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டத்தின்படி உயிரிழப்புக்கு இரண்டு லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசு நிதியிலிருந்து கிடைக்கும்.

மோதிய வண்டியின் உரிமையாளர் தரப்பிலிருந்து, “இதை வாங்கிக் கொண்டு முடித்துக் கொள்ளுங்கள்” என்று ஆள் வரலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரே அந்தத் தூதைக் கொண்டு வரவும் கூடும். சொல்லப்படும் தொகை அப்போது பெரிதாகத் தெரியும். தீர்ப்பாயம் கணக்கிடும் முறையோ வேறு: இறந்தவரின் மாத வருமானம், வயது, அவரை நம்பியிருந்தோர் எத்தனை பேர் என்று பார்த்து, மீதமிருந்த உழைப்புக் காலத்துக்கெல்லாம் சேர்த்துப் பெருக்குகிறது. முப்பத்தைந்து வயதில் இறந்தவருக்கும் அறுபதில் இறந்தவருக்கும் பெருக்கும் எண் வெவ்வேறு. அவருடைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், பிறந்த தேதிச் சான்று, குடும்ப அட்டை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கை, மோதியவரின் மருத்துவச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தவர் என்றால் அங்குள்ள நிறுவனத்தின் பணிச் சான்றையும் உடனே எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுகள் சென்றால் அது கிடைப்பது அரிது. விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும், தாங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது.